பதினாலு சோளத்தட்டும் ஒரு நீளக் கிராங்கும்

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இரும்பைப் பற்றி ஒரு கொள்கை உண்டு. நீளமாக இருந்தால் பலம். இந்தக் கொள்கை பூமிக்கு அடியில் ஆயிரத்து இருநூறு அடியில் நிரூபிக்கப்பட்டது என்பதால், மேலே நடமாடுகிற யாரும் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. போர்வெல் போடுகிற இடத்தில் துளைக்கிற ராடு இறுகிக்கொண்டால் பெரிய ரெஞ்சைப் போட்டுத் திருப்புவார்கள். திரும்பாவிட்டால் ரெஞ்சின் பிடியில் ஒரு பைப்பைச் சொருகுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தப் பைப்பின் மேல் இன்னொரு பைப்பு. நான்கு பேர் தொங்கினால் எப்பேர்ப்பட்ட இரும்புக்கும் புத்தி திரும்பிவிடும். "திரும்பாத மரைன்னு ஒலகத்துல ஒண்ணும் கெடையாது, நீளம் பத்தாத பைப்புதான் உண்டு" என்பது தனபாலின் வாக்கு.

தனபாலுக்குப் போர்வெல் போடும் ரிக் லாரிகள் இரண்டு. இரண்டும் வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரில் நிற்கும். இவர் ஊரில் உட்கார்ந்து போனில் அவற்றைத் திட்டிக்கொண்டிருப்பார். திட்டுவது ஆட்களையா லாரிகளையா என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் இது தனபாலின் சரித்திரம் அல்ல. இது அவருடைய மனைவி சென்னியம்மாளின் சரித்திரம். கோபத்தைச் சொல்ல வேண்டுமானால் அது கிளம்பின இடத்திலிருந்துதானே சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

சென்னியம்மாளுக்கு வயது நாற்பத்தேழு. உயரம் நாலடி பதினோரு அங்குலம். இந்த உயரத்துக்குள் இவ்வளவு கோபம் எப்படி அடங்குகிறது என்று ஊரில் சிலர் வியப்பதுண்டு. அடங்குவதில்லை என்பதுதான் உண்மை. அவர் காரணமில்லாமல் யாரையும் கோபித்தது கிடையாது. காரணங்களுக்குத்தான் பஞ்சமே வந்ததில்லை. பால் சொசைட்டியில் பாலைக் கலக்காமல் அடியில் மொண்டு சோதிக்கிறவர் ஒரு காரணம். விடியற்காலையில் நிலக்கடலையைக் கிளறும் மயில் ஒரு காரணம். அந்த மயிலைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று படம் எடுக்கும் உறவினர்கள் இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலான காரணம் பின்சீட்டு.

வீட்டிலிருந்து அவர்கள் காடு நாலு கிலோமீட்டர். கொங்குச் சீமையில் காடு என்றால் புலி இருக்கும் இடமல்ல, வெள்ளாமை செய்கிற நிலம். அங்கே சாளை என்கிற காட்டுக் கொட்டகையில் இரண்டு எருமை, ஒரு மாடு. காலை ஐந்தரைக்குள் போய்க் கறந்து, ஏழு மணிக்குள் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இருபத்து மூன்று வருஷம், சென்னியம்மாள் யாராவது ஒருவரின் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்துதான் போனார். ஒன்று தனபால். இல்லாவிட்டால் அதே காம்பவுண்டில் குடியிருக்கும் அவருடைய தம்பி காளியண்ணன். ஐந்து மணிக்கு எழுப்பினால் தனபால், "வாரேன்" என்பார். ஐந்தரைக்கு எழுப்பினால், "அதான் வாரேன்னு சொன்னனல்ல" என்பார். ஆறு மணிக்கு, "வாரேன்னு ஒரு மனுசன் எத்தன தடவ சொல்லுவான்" என்று அவர்தான் கோபித்துக்கொள்வார்.

இந்த நிலைமையில் ஒரு டாக்டர் புகுந்தார். தனபாலின் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாகவும் அவர் தினமும் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்றும் சொன்னார். தனபால் உடனே ஈரோட்டுக்குப் போய் ஒரு மலைச் சைக்கிள் வாங்கினார். தடித்த டயர், முன்னால் ஷாக், ஏகப்பட்ட கியர். மலை எதற்கு, இங்கே எல்லாம் சமவெளிதானே என்று கேட்டதற்கு, "தேவைப்பட்டா இருக்கட்டும்" என்றார். அவரும் ஐந்தடி மூன்று அங்குலம்தான் என்பதால் சின்ன அளவுச் சட்டம். பதினோரு நாள் மிதித்தார். பன்னிரண்டாம் நாள் அதன் கைப்பிடியில் துண்டு காய்ந்தது.

துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, சென்னியம்மாள் சைக்கிளை வெளியே தள்ளினார். எட்டாம் வகுப்புக்குச் சைக்கிளில் போனவர்தான். மகள் தனப்பிரியா கோயம்புத்தூர் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன டிராக் பேன்ட், மேலே தனபாலின் பழைய சட்டை, பின்னால் கேரியரில் பால் கேன். ஒரு வாரம் ஊர் வேடிக்கை பார்த்தது. வேடிக்கை பார்த்தவர்களை அவர் திருப்பிப் பார்த்த பார்வையில் அடுத்த வாரம் ஊர் தன் வேலையைக் கவனிக்கப் போய்விட்டது. ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு அவர் கிளம்பிவிடுவார். யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, யாரிடமும் "வாரேன்" வாங்க வேண்டியதில்லை. மூன்று மாதம் இப்படிப் போயிற்று. அந்த மூன்று மாதத்தில் அவர் கோபம் முக்கால் பங்காகக் குறைந்திருந்தது என்று எதிர்வீட்டுப் பொன்னாத்தாள் சாட்சி சொல்கிறார்.

அப்போதுதான் சென்னியம்மாள் ஒரு தவறு செய்தார். கணவனிடம் ஒரு குறையைச் சொன்னார்.

"கெணத்து மேட்டுல மிதிக்க மாட்டீங்குதுங்க. எறங்கித் தள்ள வேண்டியிருக்குது."

தனபால் யோசித்தார். அவர் யோசித்தால் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். மிதிக்க முடியவில்லையா? நெம்புகோல் நீளம் பத்தவில்லை. சைக்கிளில் நெம்புகோல் எது? பெடலைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற அந்த இரும்புக் கை, அதாவது கிராங்க். போனில் தேடினார். கிராங்கில் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர், நூற்று எழுபது, நூற்று எழுபத்தைந்து என்று மூன்று அளவு இருந்தது. யாருக்கு எது என்று ஒரு வார்த்தை கிடையாது. தனபால் கடைசி அளவைத் தொட்டுவிட்டு, "இதுக்கு மேல இல்லையாட்டம் இருக்குது" என்று வருத்தப்பட்டார். பார்சல் வந்ததும் லாரி பட்டறையில் கொடுத்து மாட்டினார். பழையதைப் பட்டறையின் இரும்புக் குவியலில் வீசினார்.

"இனிமே பாரு புள்ள, மேட்டுல பறக்கும்," என்றார்.

முதல் நாளே சென்னியம்மாளுக்கு முட்டி வயிற்றை வந்து இடிக்கிற மாதிரி இருந்தது. ஆசையாக வாங்கி மாட்டியிருக்கிறாரே என்று அதைச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் கோபத்தை விழுங்கிய சம்பவங்கள் இரண்டு மூன்றுதான். அதில் இது ஒன்று. பலன் மூன்றாம் வாரம் கிடைத்தது.

காட்டுக்குப் போகிற இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த வண்டித்தடம். நடுவில் மண் அரித்துப் போய்ப் பாறையின் முதுகு ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும். நன்றாக மிதித்துக்கொண்டு போனவருக்கு, இடது பெடலுக்கு அடியிலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் சென்னியம்மாள் வேலியில் இருந்தார். சைக்கிள் தடத்தில் இருந்தது.

கிளுவை முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே காரணங்கள் வந்து குவிந்தன.

"வேகம் பத்துலே," என்றார் தனபால்.

"நங்கைக்குப் பேலன்சு இல்லீங்ணா," என்றார் காளியண்ணன். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

"செவ்வாக்கெழமைல புதுசா ஒண்ணுல ஏறலாமா சாமி?" என்றார் பொன்னாத்தாள்.

"அது புதுசில்லக்கா, நாலு மாசமாச்சு," என்றார் சென்னியம்மாள்.

"ஏறுனது செவ்வாக்கெழமைதான?"

பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை. திரும்பி வரும்போது, கேன் நிறையப் பாலோடு. அதே மாதிரி அடியிலிருந்து ஒரு உதை. எட்டு லிட்டர் பால் இட்டேரியில் ஓடியது. இடது மணிக்கட்டு பிசகியது. கட்டுப் போட்டுக்கொண்டு வீடு வந்தவருக்காகக் குடும்பம் கூடி உட்கார்ந்திருந்தது. குடும்பம் என்றால் தனபாலும் காளியண்ணனும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்.

"வயசான காலத்துல எதுக்கு நங்கை இதெல்லாம்," என்றார் காளியண்ணன். "எங்ககிட்டச் சொன்னா உட மாட்டமா?"

"இருவத்தி மூணு வருசமா உட்டீங்க. தெரியும்."

"இன்னொருக்கா உழுந்தா கையி போயிரும்," என்றார் தனபால். "அப்படி உழுந்தா வண்டிய எடைக்குப் போட்டர்றது. அவ்வளவுதான்."

சென்னியம்மாளுக்கு அப்போது வந்த கோபம் பாதி வலியால் வந்தது. "செரி. மூணாவது தடவ உழுந்தா நீங்க என்ன போடறது, நானே தூக்கிப் போடறன். மறுக்கா பின்சீட்டுல உக்காந்துக்கறன். போதுமா?"

சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது இருபத்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் எல்லாரும் அனுபவித்து அறிந்தது. ஆகவே அன்று முதல் அவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு விழுகை.

மறுநாள் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இட்டேரி முழுக்க நடந்தார். குனிந்து பார்த்தார். பெடல் இரண்டின் ஓரமும் தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளத்தது. தடத்தில் பாறை முதுகுகளில் புதிதாக வெள்ளைக் கீறல்கள். எண்ணினார். தடத்தில் பதினாலு பாறை, அதில் பலவற்றில் பெடல் உரசியிருக்கிறது. விழுந்தது இரண்டு தடவை என்றால், விழாமல் தப்பியது எத்தனை தடவையோ. மூன்று மாதம் இதே பாறைகள் இங்கேயேதான் இருந்தன. ஒரு மாதத்தில் பாறை வளராது. அப்படியானால் வேறு எதுவோ இறங்கியிருக்கிறது.

படிப்பு எட்டாம் வகுப்பு என்றாலும் அவர் செய்த அடுத்த காரியத்தை இன்ஜினியரிங் காலேஜ்கள் நிறைந்த அந்த ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். காட்டில் அறுத்துப் போட்டிருந்த சோளத்தட்டில், அதாவது காய்ந்த சோளத் தண்டில், ஒரு கை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பாறையின் பக்கத்திலும் ஒரு தட்டை நிறுத்தி, பாறையின் உச்சிக்குச் சமமாக ஒடித்தார். பதினாலு பாறை, பதினாலு தட்டு. எல்லாவற்றையும் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைச் சேலத்துக்குப் போகும் முட்டை வண்டியில் ஏற்றி, தானும் முன்னால் ஏறிக்கொண்டார். வீட்டில் "மருந்துக் கடைக்கு" என்று சொல்லியிருந்தார். அதுவும் ஒரு வகையில் பொய்யல்ல.

சேலம் கோட்டைப் பக்கம் கரீம் பாஷாவின் சைக்கிள் கடை. கடை அவருடையது, வேலை அவருடைய மகள் சாதியாவுடையது. கரீம் பாஷா நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற சைக்கிளையும் அதை ஓட்டி வருகிறவரையும் குறை சொல்வார். சாதியா சைக்கிளின் குறையை மட்டும் சரிசெய்வாள்.

"என்னம்மா கட்டு அது, ஆட்டுக்கா?" என்றார் கரீம் பாஷா.

"கல்லுங்க பாய்."

"கல்லா?"

"கல்லைத் தூக்கியார முடியலீங்க. அளவு கொண்டாந்திருக்கறன்."

சாதியா குனிந்து கிராங்கின் உள்பக்கத்தைத் துடைத்தாள். பொடி எழுத்தில் அளவு தெரிந்தது. "நூத்தி எழுவத்தஞ்சு. அக்கா, இது ஆறடி ஆளுக்குப் போடறது. உங்களுக்கு யாரு போட்டாங்க?"

"ஊட்டுக்காரருங்க."

"அவருக்கு என்ன தொழில்?" என்றார் கரீம் பாஷா.

"ரிக்குங்க."

"அதான பாத்தேன். போர் போடறவன் கையில சைக்கிளக் குடுத்தா அதுலயும் தண்ணி தேடுவான்."

"அத்தா, சும்மா இருங்க," என்றாள் சாதியா. "அக்கா, அவரு நெனச்சதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. நீளமா இருந்தா அழுத்தறதுக்கு லேசா இருக்கும். ஆனா அந்த நீளம் மேல போறப்ப உங்க முட்டி வயித்துல இடிக்குது. கீழ வர்றப்ப பெடல் கல்லுல இடிக்குது."

"ரண்டு பக்கமும் இடி வாங்கறதுக்குத்தான் ஊட்டுல இருக்கறமே, சைக்கிள்லயுமா."

கரீம் பாஷா முதல் தடவையாகச் சிரித்தார். சாதியா கேட்டாள், "மேட்டுல ஏறலன்னுதான மாத்துனாரு? அப்ப எந்தக் கியர்ல போனீங்க?"

"கியரத் தொட்டதே இல்லீங்க. தொட்டா கெட்டுப்போகும்னு சொன்னாரு."

சாதியா பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியரைத் தட்டினாள். செயின் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குத் தாவியது. கிராங்க் வெண்ணெய் மாதிரி சுற்றியது. சென்னியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேடு ஏற முடியாமல் இறங்கித் தள்ளிய அத்தனை காலைகளுக்கும், இரண்டு விழுகைக்கும், எட்டு லிட்டர் பாலுக்கும், பிசகிய மணிக்கட்டுக்கும், கட்டைவிரலால் ஒரு தட்டுத்தான் மருந்து. அந்த மருந்தைத் தொடாதே என்று சொன்னவரே ஆபரேஷனும் செய்து வைத்திருக்கிறார். சேலத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் போதுமான கோபம் அந்த இடத்தில் அவருக்குள் நிரம்பியது.

"ஏறி உக்காருங்கக்கா. ஆள் ஏறுனாத்தான் முன் ஷாக் எறங்கும், அப்பத்தான் நெசமான அளவு தெரியும்."

அவர் ஏறி உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். சாதியா ஒரு பெடலைக் கீழே தள்ளி நிறுத்தி, தரைக்கும் பெடலுக்கும் நடுவில் ஒவ்வொரு தட்டாக நுழைத்துப் பார்த்தாள். டேப்பு வைத்தால் பதினொன்றரை சென்டிமீட்டர். பதினாலு தட்டில் ஒன்பது நுழையவில்லை.

"ஒம்பது கல்லு இடிக்கும்."

கிராங்கைக் கழற்றி நூற்று அறுபத்தைந்து மாட்டினாள். ஐந்து தட்டு நுழையவில்லை. அதையும் கழற்றி, நூற்று அறுபது மாட்டினாள். மூன்று நுழையவில்லை.

"இன்னும் கொறைங்க," என்றார் சென்னியம்மாள்.

"நூத்தி அம்பத்தஞ்சு போட்டாலும் இந்த மூணு போகாதுக்கா, ரொம்ப ஒசரம். உங்க கால் நீளத்துக்கு நூத்தி அறுவது சரியா இருக்கும். சீட்ட அதே பதினஞ்சு மில்லி ஏத்தணும், இல்லன்னா முட்டி வலிக்கும். மேட்டுக்குக் கியர எறக்கிக்குங்க. அப்பறம் அந்த மூணு கல்லு. அங்க மிதிக்காதீங்க. பெடல் ரெண்டையும் சமமா, ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன, தராசு மாதிரி நிறுத்திக்கிட்டு உருண்டு தாண்டுங்க. வேகம் செத்துச்சுன்னா முழுச் சுத்து சுத்தாம அரைச் சுத்து மிதிச்சு, பின்னுக்குச் சுத்தி, மறுபடி அரைச் சுத்து. வளைவுல சாயறப்ப உள்பக்கத்துக் காலு மேல இருக்கணும்."

இந்தக் கடைசி வாக்கியம் சென்னியம்மாளின் காதில் விழவில்லை. அவர் அப்போது வீட்டில் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றிய கிராங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். கரீம் பாஷா வாசல்வரை வந்து, "வீட்டுக்காரரக் கேட்டதாச் சொல்லும்மா" என்றார். இவ்வளவு வன்மமான விசாரிப்பைச் சேலத்தில் சமீபத்தில் யாரும் கேட்டதில்லை.

தனபால் புதுக் கிராங்கைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து, நெருக்கி, வித்தியாசத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"பதினஞ்சு மில்லி. இதுக்கா சேலம் போன? நெகத்துல பாதி இருக்குமா இது? நாங்க ஆயரத்தி எரநூறு அடி போறம்."

"நீங்க கீழ போறீங்க. நான் மேல போவோணும்."

"நீளத்தக் கொறச்சா பலம் கொறையும் நங்கை," என்றார் காளியண்ணன், கேட்காத நேரத்தில்.

சென்னியம்மாள் பதினாலு தட்டையும் தரையில் பரப்பினார். ஒன்பதை ஒரு பக்கம் தள்ளினார். "இதெல்லாம் நீங்க மாட்டுனதுல இடிக்கற கல்லு." அந்த ஒன்பதில் ஆறை எடுத்து இந்தப் பக்கம் போட்டார். "இதெல்லாம் இப்ப இடிக்காத கல்லு. எண்ணிக்குங்க. பதினஞ்சு மில்லிக்கு ஆறு கல்லு."

தனபால் தட்டுகளைப் பார்த்தார். தோற்கிற இடத்தில் ரிக்காரர்களுக்கு ஒரே வழிதான் தோன்றும். "கல்லுதான இடிக்குது? கல்ல ஒடச்சர்லாம். ஒரு மணி நேர வேல. ரிக்கக் கொண்டாந்து..."

"சத்தீஸ்கர்ல இருந்தா?"

தனபால் குனிந்து தட்டுகளை மறுபடி எண்ணினார்.

"கியரத் தொட்டாக் கெட்டுப்போகும்னு யாரு சொன்னது?"

தனபாலுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மேட்டுல ஏற மாட்டீங்குதுன்னு ஒரு வார்த்த சொன்னன். எந்தக் கியர்ல போறன்னு கேட்டீங்களா? எவ்வளவு ஒசரம்னு கேட்டீங்களா? இருவத்தி மூணு வருசமா ஒரே ஊட்டுல இருக்கறமே, என்ற காலு எத்தன நீளம்னு தெரியுமாங்க உங்களுக்கு?"

தெரியாது. ஒரு ராடு இருபது அடி என்பது தெரியும். அறுபது ராடு இறக்கினால் ஆயிரத்து இருநூறு என்பதும் தெரியும். அவருக்குத் தெரிந்த கணக்கு எல்லாமே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஆசையாத்தான் வாங்கிப் போட்டன்," என்றார் கடைசியில்.

"அதனாலதான் ஒண்ணுஞ் சொல்லாம உழுந்துக்கிட்டிருந்தன்," என்று சொல்லிவிட்டு சென்னியம்மாள் மாட்டுத் தவிட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் இரண்டரை மாதம் அவர் விழவில்லை. மேட்டில் கியரைத் தட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஏறினார். அந்த மூன்று பாறையிலும் பெடலைத் தராசு மாதிரி நிறுத்தி உருண்டு தாண்டினார். குடும்பத்தில் இதனால் இன்னொரு நன்மை விளைந்தது, அதை யாரும் வெளியே சொல்லவில்லை. ஆண்கள் ஏழரை மணி வரைக்கும் தூங்கினார்கள்.

மூன்றாவது விழுகை ஒரு வியாழக்கிழமை. கிணற்றைத் தாண்டி சாளைப் பக்கம் வலப்புறம் ஒடிகிற வளைவு. கல் இல்லை, பாறை இல்லை, நல்ல மண் தடம். மூன்று பாறையையும் தாண்டிவிட்ட தெம்பில் வேகமாக வந்தவர், வலப்புறம் சாய்ந்தபடியே மிதித்தார். உள்பக்கத்துப் பெடல் கீழே போய்த் தடத்தின் கரையில் குத்தியது. சைக்கிள் இவர்மேல், இவர் மண்மேல். முழங்கையில் தோல் வழன்றது. பார்த்தது ஒரு எருமை. அதுவும் ஒரு கணம்தான் பார்த்தது.

சென்னியம்மாள் எழுந்து உட்கார்ந்து, யாரைக் கோபிப்பது என்று தேடினார். கிராங்க் சரியானது. பாறை இல்லை. கணவன் நாலு கிலோமீட்டர் தள்ளித் தூங்குகிறார். சாதியா கடைசியாக என்னவோ சொன்னாளே என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வளைவில் எந்தக் காலோ மேலே. தன்மேலேயே கோபப்படுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. நன்றாக வரவில்லை.

சட்டையின் கையை இறக்கிவிட்டால் முழங்கை மறைந்துவிடும். எருமை சொல்லாது. அவர் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாலைக் கறந்தார், சொசைட்டியில் ஊற்றினார், வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். தனபாலும் காளியண்ணனும் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

"உழுந்துட்டன். கல்லு இல்ல, வெறும் மண்ணு," என்றார்.

தனபால் நிமிர்ந்தார். காளியண்ணனின் முகத்தில், நியாயம் ஜெயிக்கும்போது மனிதர்களுக்கு வருகிற வெளிச்சம் வந்தது. "அப்பவே சொன்னனா இல்லீங்களா நங்கை? நம்ம சண்முகவேலுக்கு ஒரு போன் போட்டா வந்து எடுத்துக்குவான். பழைய இரும்பு அவன்தான்."

"போடுங்க. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு என்னையக் காட்டுல உடறது யாருன்னும் சொல்லீருங்க."

இட்லி இரண்டு பேர் கையிலும் நின்றது. இந்த வழக்கில் தீர்ப்பு எழுதும்போது இந்த ஒரு பக்கம் மட்டும் படிக்காமல் விட்டுப்போயிருந்தது.

"நான் உடறன்," என்றார் தனபால். "இதென்ன பெரிய விசயம்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு சென்னியம்மாள் வாசற்படியில் பால் கேனோடு உட்கார்ந்தார். எழுப்பவில்லை. கூப்பிடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேனின் மூடியை ஒரு தட்டுத் தட்டினார். வெண்கலச் சத்தம் காம்பவுண்டு முழுக்கக் கேட்டது. தனபால் ஆறே காலுக்கு வந்தார். சொசைட்டி மூடியிருந்தது. பால் திரும்பி வந்தது. சனிக்கிழமை காளியண்ணன் முறை. ஐந்தேமுக்காலுக்கு வண்டியை எடுத்தார், பெட்ரோல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தனபால் ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கினார். திங்கட்கிழமை காளியண்ணனுக்கு முதுகு வலித்தது. பழைய இரும்பு சண்முகவேலுக்கு யாரும் போன் போட்டதாகத் தகவல் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் சென்னியம்மாள் கதவைத் திறந்தபோது சைக்கிள் படிக்கு நேராக நின்றது. டயரில் காற்று, செயினில் எண்ணெய். கேரியரில் கயிறு கட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் தனபால் பல்கூடத் துலக்காமல் நின்றார். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் காளியண்ணன் இருமினார், தானும் சம்மதம் என்பதற்கு அடையாளமாக.

"எடுத்துக்கிட்டுப் போ," என்றார் தனபால்.

"சொன்ன சொல்லு?" சென்னியம்மாள் கேனோடு படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அது கல்லுல இடிச்சு உழுந்தாத்தான் செல்லும். இது கல்லு இல்லைன்னு நீயே சொன்னயில்ல."

"பெடல் தட்டித்தான் உழுந்தன். என்ற தப்பு. கல்லுன்னா ஒரு சட்டம், மண்ணுன்னா ஒரு சட்டமா?"

"இப்ப என்னங்கற நீ? நாந்தான் வேண்டாம்னு சொல்லலியே."

"நீங்க வேணும்னு சொன்னா எடுக்கறது, வேண்டாம்னு சொன்னா எடைக்குப் போடறது. அதுக்குப் பின்சீட்டே தேவலாம்." சென்னியம்மாள் எழுந்திருக்கவில்லை. கேன் மூடிமேல் கை இருந்தது. "நான் உழுவன். இன்னிக்கு உழுவன், நாளைக்கு உழுவன், பத்துத் தடவ உழுவன். நீங்க உழுகலியா? போன வருசம் பைக்குல போயி பாலத்துக் கட்டையில முட்டுனீங்களே, அன்னிக்கு நான் பைக்க எடைக்குப் போட்டனா? உங்க தம்பி ரண்டு தடவ சாக்கடைல எறக்குனாரு. எவளாவது எண்ணுனாளா? என்னைய மட்டும் எதுக்கு ஒண்ணு, ரண்டு, மூணுன்னு எண்ணறீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றது.

தனபால் மணியைப் பார்த்தார். ஐந்து பத்து. அவர் தூக்கத்தை நினைத்தாரா, பாலத்துக் கட்டையை நினைத்தாரா, அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம்.

"எண்ணலே," என்றார்.

"உங்க தம்பியும்."

"அவனும் எண்ண மாட்டான்."

"அவரு வாயில வரட்டும்."

"எண்ணல நங்கை," என்றது சுவர்.

சென்னியம்மாள் கேனைக் கேரியரில் வைத்துக் கட்டினார். தனபால் கட்டிய முடிச்சு தொளதொளவென்று இருந்ததைப் பார்த்து, அதை அவிழ்த்து, வேறு முடிச்சுப் போட்டார். அதற்காகத் தனியாக ஒரு தடவை அவரைத் திட்டினார். பிறகு ஏறி மிதித்துக்கொண்டு போனார். வீதி முனையில் இடப்பக்கம் திரும்பும்போது இடது கால் மேலே இருந்தது.